வாயசைவும் பேச்சும் ஒட்டவில்லையா? வீட்டுக் கணினியில் வீடியோ கன்வெர்ஷனையும் ஒலி விலகலையும் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

சேலத்தில் என்னிடம் வரும் வேலை பெரும்பாலும் மூன்று விதம். பழைய கல்யாண கேசட்டை கணினியில் ஏற்றுவது, ரிசப்ஷன் டிவிடியை பென்டிரைவுக்கு மாற்றுவது, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் நாலைந்து போன்களில் எடுத்ததை ஒரே வீடியோவாகச் சேர்ப்பது. "அண்ணா, வாய் முதல்ல அசையுதுங்க, பேச்சு அப்புறம்தான் வருது" என்று வருபவர், அதற்குள் நாலு மென்பொருளில் மாற்றி மாற்றி கன்வெர்ட் செய்து பார்த்திருப்பார். எது மூலம், எது மாற்றியது என்பதே அவருக்குக் குழம்பிப் போயிருக்கும்.

புதிதாகச் செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கன்வெர்ட் பொத்தான் கடைசியில்தான் வர வேண்டும் என்பதே. ஒலி விலகலில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. வகை தெரியாமல் கன்வெர்ட் செய்தால் கோளாறு புதுக் கோப்புக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும், படத்தின் தரமும் ஒவ்வொரு முறையும் குறையும். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

அடிப்படை வேலைக்கு மென்பொருள்கள் ஆறு போதும்: விஎல்சி, மீடியாஇன்ஃபோ, எம்கேவிடூல்நிக்ஸ், ஆடாசிட்டி, ஹேண்ட்பிரேக், ஷாட்கட். எல்லாமே இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். விளம்பரத்தில் வரும் 'ஒரே கிளிக் கன்வெர்ட்டர்' வேண்டாம். நமக்குத் தேவைப்படும் ஃபிரேம்ரேட் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) அமைப்பை அவற்றில் பல வெளியே காட்டுவதே இல்லை.

மூலக் கோப்பின் பிரதி ஒன்றை வேறொரு ஹார்ட் டிஸ்கில் வைத்துவிடுங்கள். அதன் பெயரில் 'மூலம்' என்று சேர்த்து, ப்ராப்பர்ட்டீஸில் 'ரீட் ஒன்லி' போடுங்கள். இந்த வேலையில் ஒரே பெயரில் ஐந்து கோப்புகள் சேர்ந்துவிடும். மூலத்தின் மேலேயே புதியதை எழுதிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

காலி இடம், மூலக் கோப்பைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். மினிடிவி என்ற சிறு டிஜிட்டல் கேசட் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 13 ஜிபி வரும். நடுவில் இடம் தீர்ந்தால் கோப்பு பாதியில் நின்று, முடிவு இல்லாத வீடியோவாகிவிடும்.

ஒயர் உள்ள இயர்போன் ஒன்று கட்டாயம் வேண்டும். ஏன் என்பது அடுத்த படியிலேயே தெரியும். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும்.

2. கோளாறு கோப்பிலா, கேட்கும் கருவியிலா?

புளூடூத் இயர்போனிலோ ஸ்பீக்கரிலோ கேட்டுவிட்டு 'வீடியோ கெட்டுவிட்டது' என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்குள் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடப் போய்விடும். சில ஆப்கள் இதைத் தாமாகவே சரிக்கட்டும், சில சரிக்கட்டாது. டிவியோடு சவுண்ட்பார் இணைத்திருந்தாலும் இதே கதைதான்.

அதனால் முதலில் ஒயர் இயர்போனில், விஎல்சியில் கேளுங்கள். பிறகு அதே கோப்பை வேறொரு கருவியில், போனிலோ டிவியிலோ போடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு விலகினால் கோப்பில் கோளாறு. ஒன்றில் மட்டும் விலகினால் அந்தக் கருவியின் அமைப்பில் 'ஆடியோ டிலே' என்று தேடுங்கள், கோப்பைத் தொடாதீர்கள்.

பழைய கணினியில் படம் திக்கித் திக்கி ஓடினால் அதுவும் விலகல் போலவே தெரியும். 4கே அல்லது எச்.265 முறையில் சுருக்கிய வீடியோவில் இது சகஜம். ஒலி சீராகப் போய், படம் மட்டும் நின்று நின்று வந்தால் சந்தேகப்பட வேண்டியது கணினியின் வேகத்தை.

3. மூலக் கோப்பின் ஜாதகத்தைப் படியுங்கள்

எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்பதெல்லாம் டிபன் கேரியர் மாதிரி வெளிக்கூடுதான். உள்ளே ஓர் அடுக்கில் படம், இன்னோர் அடுக்கில் ஒலி. எது எப்படிச் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளில் தெரியாது. மீடியாஇன்ஃபோவில் திறந்து, 'வியூ' மெனுவில் 'டெக்ஸ்ட்' வைத்துக்கொண்டு கீழுள்ளவற்றைத் தாளில் எழுதுங்கள்.

வீடியோ பகுதியில் 'ஃபிரேம்ரேட் மோட்': கான்ஸ்டன்ட்டா, வேரியபிளா? 'ஃபிரேம்ரேட்': 25ஆ, 29.97ஆ, 30ஆ? நம் நாட்டு டிவி, கேசட், டிவிடி எல்லாம் 'பால்' என்ற ஒளிபரப்பு முறை, விநாடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்க, ஜப்பானிய முறை 29.97. அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த கேமராவில் எடுத்ததென்றால் இதைக் கவனமாகப் பாருங்கள்.

'ஸ்கேன் டைப்' இன்டர்லேஸ்டா, ப்ரோக்ரெசிவா என்பதையும் குறியுங்கள், ஒன்பதாவது படியில் தேவைப்படும். ஆடியோ பகுதியில் 'சாம்ப்ளிங் ரேட்' (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிந்தது என்ற எண்): 48 கிலோஹெர்ட்ஸா, 44.1ஆ? 'பிட்ரேட் மோட்' வேரியபிளா?

முக்கியமானது கடைசியில்: வீடியோ, ஆடியோ இரண்டின் 'டியூரேஷன்' தனித்தனியாக இருக்கும். இரண்டும் ஒன்றுதானா? படம் 58 நிமிடம் 20 விநாடி, ஒலி 58 நிமிடம் 24 விநாடி என்று இருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. 'டிலே ரிலேட்டிவ் டு வீடியோ' என்றொரு வரி இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

4. விலகலை மூன்று இடங்களில் அளங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் நாள் கணக்கில் சுற்றுகிறார்கள். நிதானமாகச் செய்யுங்கள்.

வீடியோவின் தொடக்கத்தில் ஓர் இடம், நடுவில் ஓர் இடம், கடைசியில் ஓர் இடம் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் பேசும் காட்சி வேண்டும். ப, ம வரும் சொற்களில் உதடு முழுதாக மூடித் திறக்கும். 'அம்மா', 'அப்பா', 'பாப்பா' என்று யாராவது சொல்லும் இடம் கிடைத்தால் அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. கைதட்டல், தேங்காய் உடைப்பதும் நல்லது.

மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து எடுத்த தவில் அடியை வைத்து மட்டும் அளக்காதீர்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடை 30 மீட்டர் தள்ளி இருந்தால், கேமரா மைக்குக்குத் தவில் ஓசை 90 மில்லி விநாடி தாமதமாகத்தான் வந்திருக்கும். அது கோளாறே அல்ல. அதைச் 'சரி' செய்தால் பக்கத்தில் பேசுபவரின் வாயசைவு கெட்டுப் போகும்.

அளக்கும் விதம் இது. விஎல்சியில் காட்சியை ஓடவிட்டு, ஒலி தாமதமாக வந்தால் ஜே விசையை அழுத்துங்கள், ஒலி முன்னே வரும். ஒலி முந்திக்கொண்டு வந்தால் கே விசை, ஒலி பின்னே போகும். ஒவ்வொரு அழுத்தமும் 50 மில்லி விநாடி. வாயும் பேச்சும் ஒட்டியதும் திரையில் தெரியும் எண்ணைக் கழித்தல் குறியோடு, இருந்தால், அப்படியே எழுதுங்கள். நடுவிலும் கடைசியிலும் இதையே செய்யுங்கள். விலகல் பல விநாடி என்றால் விசையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம். 'டூல்ஸ்' மெனுவில் 'ட்ராக் சின்க்ரனைசேஷன்' திறந்து எண்ணை நேரடியாக இடலாம்.

விஎல்சியில் செய்யும் இந்த மாற்றம் பார்ப்பதற்கு மட்டும்தான், கோப்பில் எதுவும் எழுதப்படாது. 'நான் சரிசெய்தேன், மறுநாள் பழையபடி ஆகிவிட்டது' என்று வருபவர்கள் செய்தது இதைத்தான்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே மனிதர் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆனால் பிந்தினால் 125 வரை தெரியாது. தூரத்து ஓசை தாமதமாக வருவது நமக்குப் பழக்கம், முந்தி வருவது இயற்கையில் இல்லை. ஆகவே 50க்குள் கொண்டுவந்தால் போதும். சந்தேகம் வந்தால் ஒலி சற்றுப் பிந்தியே இருக்கட்டும்.

இப்போது மூன்று எண்களைப் பாருங்கள். மூன்றும் ஒன்றேயானால் நிலையான விலகல், ஐந்தாவது படிக்குப் போங்கள். சீராகக் கூடிக்கொண்டே போனால் ஆறாவது படி. ஓர் இடம் வரை சரியாக வந்து, திடீரென்று மாறி, அப்புறம் அப்படியே நின்றால் ஏழாவது படி. நடுவில் ஓர் அளவு மட்டும் எடுத்தால் இந்த மூன்றும் ஒன்று போலவே தெரியும்.

5. நிலையான விலகல்

மூன்றில் எளிது இது. கன்வெர்ட்டே தேவையில்லை.

எம்கேவிடூல்நிக்ஸில் கோப்பை இழுத்துப் போடுங்கள். கீழே உள்ள ட்ராக்குகளில் ஆடியோவை மட்டும் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் 'டிலே' என்ற கட்டத்தில் விஎல்சி காட்டிய எண்ணை அதே குறியோடு இடுங்கள். விஎல்சியில் கழித்தல் 250 வந்திருந்தால் இங்கேயும் கழித்தல் 250. 'ஸ்டார்ட் மல்டிபிளெக்சிங்' அழுத்தினால் சில நிமிடங்களில் புது எம்கேவி கோப்பு தயார். படமும் ஒலியும் மறுபடி சுருக்கப்படாததால் தரம் துளியும் குறையாது.

இதில் பலர் செய்யும் பிழை, வீடியோ ட்ராக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு எண்ணை இடுவது. அப்போது விலகல் இரட்டிப்பாகும். இரட்டிப்பானால் பயப்பட வேண்டாம், திரும்பிப் போய் எந்த ட்ராக் நிறமேறி இருக்கிறது என்று பாருங்கள்.

இந்த வகை விலகல் பெரும்பாலும் வெட்டியதால் வருகிறது. மறுசுருக்கம் இல்லாமல் வெட்டும் மென்பொருள் படத்தைக் கீஃபிரேம் என்ற இடத்தில்தான் தொடங்க முடியும், ஒலியை எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். இடையில் உள்ள வித்தியாசத்தைச் சில பிளேயர்கள் மதிக்கும், சில மதிக்காது. அடுத்த முறை வெட்டும்போது கீஃபிரேமுக்குத் தாவிச் சென்று வெட்டினால் இது வராது.

6. போகப் போகக் கூடும் விலகல்

முதலில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கூடுகிறது என்று கணக்கிடுங்கள். இரண்டாவது நிமிடத்தில் 0.2 விநாடி, 62ஆவது நிமிடத்தில் 3.8 விநாடி என்றால் ஒரு மணிக்கு 3.6 விநாடி. இந்த எண்தான் காரணத்தைச் சொல்லும்.

ஒரு மணிக்கு 3.6 விநாடி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. 29.97ஐ 30 என்றோ, 23.976ஐ 24 என்றோ எங்கோ தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறது. 2 நிமிடம் 24 விநாடிக்குப் பக்கத்தில் வந்தால் 24க்கும் 25க்கும் நடந்த குழப்பம். இரண்டிலும் பேச்சின் குரல் இயல்பாக இருக்கிறதா என்று கேளுங்கள். குரல் இயல்பென்றால் ஒலி சரி, தவறு படத்தில். எம்கேவிடூல்நிக்ஸில் வீடியோ ட்ராக்கைத் தேர்ந்தெடுத்து 'டிஃபால்ட் டியூரேஷன்' கட்டத்தில் சரியான ஃபிரேம்ரேட்டைக் கொடுத்துப் பாருங்கள். இதிலும் தரம் குறையாது.

குரல் தடித்து, இழுத்துக் கேட்கிறதா? நாதஸ்வரத்தின் சுருதியே இறங்கியிருக்கிறதா? அப்படியானால் 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியை 44.1 என்று ஓட்டுகிறது. அப்போது ஒரு மணி நேர ஒலி 65 நிமிடம் 18 விநாடி நீளும். ஆடாசிட்டியில் ட்ராக்கின் 'ரேட்' அமைப்பை 48000 ஆக்கினால் சுருதியும் நீளமும் ஒருசேரச் சரியாகும்.

ஒரு மணிக்கு ஒரு விநாடியின் சிறு பங்குதான் கூடுகிறதென்றால், படமும் ஒலியும் இரண்டு தனிக் கருவிகளில் பதிவானவை. கேமராவுக்கு ஒரு கடிகாரம், தனி ரெக்கார்டருக்கோ போனுக்கோ இன்னொரு கடிகாரம், இரண்டும் முழுக்க ஒத்துப் போகாது. கச்சேரியை மேடையில் தனியாக ரெக்கார்ட் செய்து சேர்ப்பவர்கள் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

இதற்கு ஒலியின் நீளத்தைத்தான் மாற்ற வேண்டும். எம்கேவிடூல்நிக்ஸில் 'ஸ்ட்ரெச்' என்றொரு கட்டம் இருக்கிறதே என்று கை போகும். அது வீடியோவுக்கும் சப்டைட்டிலுக்கும் ஆனது, ஒலிக்குப் பயன்படுத்தினால் சில பிளேயர்களில் ஒலி வெட்டி வெட்டி வரும். ஆடாசிட்டிக்கே போங்கள். எம்பி4ஐத் திறக்க எஃப்எஃப்எம்பெக் நூலகத்தையும் சேர்த்து நிறுவ வேண்டும், கேட்கும்போது நிறுவிக்கொள்ளுங்கள். முழு ஒலியையும் தேர்ந்தெடுத்து, 'எஃபெக்ட்' மெனுவில் வேகம் மாற்றும் கருவியைத் திறந்தால் இப்போதைய நீளமும் புது நீளமும் இரண்டு கட்டங்களில் தெரியும். கணக்கு புரிவதற்காக, மேலே வந்த எண்ணையே எடுத்து, 3600 விநாடிக்கு 3.6 விநாடி ஒலி பின்தங்குகிறது என்று வையுங்கள். எனவே மொத்த நீளத்தை 3596.4 ஆல் பெருக்கி 3600 ஆல் வகுத்து, வரும் விடையைப் புது நீளமாக இடுங்கள். பிறகு வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, எம்கேவிடூல்நிக்ஸில் பழைய ஆடியோவின் டிக்கை எடுத்துவிட்டு இதைச் சேருங்கள்.

வரிசை முக்கியம்: முதலில் நீளம், அப்புறம் தொடக்க விலகல். தொடக்கத்தை முதலில் சரிசெய்தால், நீளம் மாறும்போது அதுவும் நகர்ந்துவிடும்.

இனி போன் வீடியோ. இன்றைக்கு வரும் வேலைகளில் பாதிக்கு மேல் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெரும்பாலான போன்கள் ஒரே சீரான ஃபிரேம்ரேட்டில் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் ஒளி வாங்க வேண்டும், அதனால் 30லிருந்து கீழே இறங்கும். ஆடித் திருவிழாவின் இரவு ஊர்வலத்திலும், ஏற்காட்டில் மாலை மங்கும் நேரத்திலும் எடுத்த வீடியோவை மீடியாஇன்ஃபோவில் பார்த்தால் 'வேரியபிள்' என்றே இருக்கும், குறைந்த அளவு, கூடிய அளவு இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எப்போது தோன்ற வேண்டும் என்ற நேரக்குறி இருப்பதால் போனிலும் விஎல்சியிலும் இது சரியாகவே ஓடும். பழைய எடிட்டிங் மென்பொருள்கள் நேரக்குறியைப் பார்க்காமல் ஃபிரேமை எண்ணி அடுக்கும். அங்கேதான் ஒலி விலகுகிறது. 'போனில் சரி, எடிட்டரில் தப்பு' என்றால் உடனே இதைச் சந்தேகியுங்கள். விலகல் ஒரே சீராகக் கூடாமல், இருட்டான இடங்களில் வேகமாகவும் வெளிச்சத்தில் மெதுவாகவும் கூடுவது இன்னொரு அடையாளம்.

ஒலியை இழுத்துச் சுருக்கி இதைச் சரிசெய்ய முடியாது. எடிட்டருக்குள் போகும் முன்பே ஒவ்வொரு கிளிப்பையும் ஹேண்ட்பிரேக்கில் போட்டு, 'வீடியோ' பகுதியில் ஃபிரேம்ரேட் 30, அதன் கீழே 'கான்ஸ்டன்ட்' என்று தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். தரம் குறையாமலிருக்க ஆர்எஃப் எண்ணை (தரத்தைக் குறிப்பது, எண் சிறிதானால் தரம் கூடும்) 16, 17 என்று வையுங்கள். கோப்பு பெரிதாகும், அது இடைக்காலக் கோப்புதானே, வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். ஷாட்கட் இப்படிப்பட்ட கிளிப்பைத் திறந்ததும் எடிட்டுக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று தானாகவே கேட்கும். 'வேண்டாம்' என்று தள்ளிவிடாதீர்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உறவினர் எடுத்த கிளிப்பை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக வாங்காதீர்கள். சுருக்கப்பட்டு, தரம் போய்த்தான் வரும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது ஒயர் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

7. திடீரென்று குதிக்கும் விலகல்

எந்த இடத்தில் குதிக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பாதிக்குப் போய்ப் பாருங்கள், சரியாக இருந்தால் பின்பாதியின் பாதி, இல்லையென்றால் முன்பாதியின் பாதி. இப்படிப் பாதி பாதியாகப் போனால் நாலைந்து தாவலில் இடம் அகப்படும்.

டிவிடி என்றால், வட்டில் இருக்கும் ஒரு விஓபி கோப்பை மட்டும் இழுத்து மாற்றியிருப்பீர்கள். டிவிடியில் வீடியோ ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மிகாத விஓபி கோப்புகளாகத் துண்டிக்கப்பட்டிருக்கும். நேரக்குறி இடையில் பூஜ்யத்துக்குத் திரும்பவும் செய்யும். அந்தத் துண்டுகளைத் தனித்தனியே மாற்றி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் குதிக்கும். வட்டில் 'வீடியோ டிஎஸ்' என்ற பெயரில் உள்ள கோப்புறை முழுவதையும் ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, ஹேண்ட்பிரேக்கில் அந்தக் கோப்புறையையே திறங்கள். எந்தத் துண்டு எதன் பின் வரும் என்ற கணக்கு ஐஎஃப்ஓ கோப்புகளில் இருக்கிறது, அது கூடவே இருந்தால்தான் மென்பொருளுக்குத் தெரியும். பிரதி எடுக்கும்போதே பிழை வந்தால் வட்டில் கீறல். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள்.

பல கிளிப்புகளை ஒட்டிய வீடியோ என்றால், ஒட்டும் முன் அவற்றின் ஃபிரேம்ரேட், அளவு, சாம்ப்ளிங் ரேட் எல்லாம் ஒன்றாக இருந்தனவா என்று பாருங்கள். ஒவ்வொரு கிளிப்பிலும் ஒலியின் நீளமும் படத்தின் நீளமும் சில மில்லி விநாடி வேறுபடுவது இயல்பு. நாற்பது கிளிப் ஒட்டினால் அது சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் அளவாகும். எல்லாவற்றையும் ஒரே அமைப்புக்கு மாற்றி, ஷாட்கட்டின் டைம்லைனில் வைத்துச் சேருங்கள்.

கேசட்டிலிருந்து எடுத்தது என்றால், அந்த இடத்தில் கேப்சர் கருவி (கேசட் படத்தைக் கணினியில் ஏற்றும் யுஎஸ்பி கருவி) ஃபிரேம்களைத் தவறவிட்டிருக்கிறது. டேப்பில் கசங்கிய பகுதி, இரண்டு பதிவுகளுக்கு நடுவே வெற்றிடம், நீலத்திரை வந்த இடம் இவையெல்லாம் காரணம். படம் போய்விட்டது, ஒலி தொடர்ந்திருக்கிறது. ஷாட்கட்டில் ஒலியைப் பிரித்து, குதித்த இடத்தில் வெட்டி நகர்த்தலாம். கேசட் கையில் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி ஓட்டிப் பதிவு செய்வதே நல்லது. வெட்டி ஒட்டியது எப்போதும் வெட்டி ஒட்டியதுதான்.

8. கேசட்டிலிருந்து ஏற்றும்போதே தடுப்பது

டெக்கில் போடும் முன் கேசட்டின் கண்ணாடி வழியாக டேப்பின் விளிம்பைப் பாருங்கள். ஏற்காடு, சேர்வராயன் மலையில் உள்ள வீடுகளில் ஈரம் அதிகம், அங்கே பீரோவில் வருடக்கணக்காக இருந்த கேசட்டில் வெள்ளைப் பொடி போலப் பூஞ்சை படிந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதை அப்படியே டெக்கில் ஓட்டினால் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். தெரிந்தவரிடம் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டு மற்றவற்றை முதலில் முடியுங்கள்.

ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் பதிவு செய்தால் ஃபிரேம்ரேட் 25 பால், ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ். விண்டோஸின் சவுண்ட் அமைப்பிலும் அந்தக் கருவிக்கு 48000 என்றே இருக்க வேண்டும். படம் வரும் அதே யுஎஸ்பி கருவி வழியாகவே ஒலியையும் எடுங்கள். சிலர் படத்தை யுஎஸ்பியிலும் ஒலியைக் கணினியின் மைக் துளையிலும் கொடுக்கிறார்கள். இரண்டு கடிகாரக் கோளாறு அங்கேயே பிறந்துவிடும்.

பதிவை எம்கேவியாகச் சேமியுங்கள். சாதாரண எம்பி4இல் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும், நடுவில் கரண்ட் போனால் முழுக் கோப்பும் திறக்காது. எம்கேவியில் அதுவரை பதிவானது தப்பிக்கும். சேர்வராயன் மலையில் கோடை மழையும் இடியும் வரும் மே மாத மாலைகளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே வேண்டாம். லேப்டாப் பேட்டரியில் தாங்கும், டெக் நின்றுவிடும்.

கேப்சர் கருவியை ஹப்பில் செருகாமல் கணினியிலேயே செருகுங்கள். ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள், அப்டேட்டை நிறுத்தி வையுங்கள், பிரவுசரை மூடுங்கள். சேலத்து ஏப்ரல் வெயிலில் மதியம் லேப்டாப் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நேரலையாக ஏற்றும்போது வேகம் குறைந்தால் ஃபிரேம்கள் விழும், விழுந்தது திரும்பாது. அதிகாலையில் செய்யுங்கள்.

நலங்கு, முகூர்த்தம், ரிசப்ஷன் என்று ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகப் பதிவு செய்வது என் பழக்கம். ஏதாவது ஒன்றில் விலகினால் அதோடு நிற்கும், கெட்டிமேளம் வரை பரவாது.

9. இப்போதுதான் கன்வெர்ட்

முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: கன்வெர்ட் தேவையா? டிவி எம்கேவியை ஏற்கவில்லை, உள்ளே இருப்பது எச்.264 படமும் ஏஏசி ஒலியும்தான் என்றால் வெளிக்கூட்டை மாற்றினாலே போதும். ஓபிஎஸ்ஸின் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' அதைத்தான் செய்கிறது. டிவியில் படம் வந்து ஒலி மட்டும் வரவில்லையென்றால், டிடிஎஸ் போன்ற ஒலி வடிவம் அந்த டிவிக்குத் தெரியவில்லை. அவிடெமக்ஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் வீடியோவை 'காப்பி' என்று விட்டு ஆடியோவை மட்டும் ஏஏசி ஆக்குங்கள்.

தேவைதான் என்றால் ஹேண்ட்பிரேக்கில் எம்பி4, எச்.264, ஃபிரேம்ரேட் மூலத்தில் உள்ளதே, 'கான்ஸ்டன்ட்'. ஆர்எஃப் 20க்குப் பக்கத்தில். ஒலி ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ். 25ஐ 30 ஆக்கினால் படம் நன்றாக வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, ஃபிரேம்கள் இரட்டித்து நடையில் ஒரு உதறல் வரும். மூலம் இன்டர்லேஸ்டு என்றால் 'ஃபில்டர்ஸ்' பகுதியில் டீஇன்டர்லேஸ் போடுங்கள், இல்லாவிட்டால் கையசைவில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும்.

பழைய கணினியாயிற்றே, கன்வெர்ட் செய்தால் விலகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். கன்வெர்ஷன் நேரலை அல்ல, மெதுவான கணினி அதிக நேரம் எடுக்கும், அவ்வளவுதான். 8ஆவது படியில் வேகம் முக்கியம், இங்கே இல்லை.

10. சோதித்துக் கொடுப்பது

இரண்டு நிமிடத் துண்டை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று விடாதீர்கள். படத்தின் தரத்தையும் தொடக்க விலகலையும் துண்டில் பார்க்கலாம். கூடிக்கொண்டே போகும் விலகல் முழுக் கோப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் முகம் காட்டும். நான்காவது படியில் எழுதிய அதே மூன்று இடங்களை, ஒயர் இயர்போனில், புதிய கோப்பில் பாருங்கள். மீடியாஇன்ஃபோவில் இரண்டு டியூரேஷனையும் ஒப்பிடுங்கள்.

பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மேட் செய்யலாம், ஆனால் பழைய டிவிகள் சில அதைப் படிக்காது. அப்படிப்பட்ட வீட்டுக்கென்றால் நிகழ்ச்சிவாரியாக 4 ஜிபிக்குள் பிரித்தே கொடுங்கள். ஏற்றி முடித்ததும் 'இஜெக்ட்' கொடுத்து எடுத்து, பென்டிரைவிலிருந்தே கடைசி நிமிடத்தை டிவியில் ஓட்டிப் பாருங்கள். மூலக் கோப்பை அழிப்பதானால் அதற்குப் பிறகுதான், அதுவும் கேசட்டோ டிவிடியோ இன்னும் பத்திரமாக இருக்கிறது என்றால் மட்டும்.